சேப்பாக்கம் மைதானமும் நம் ஊர்த் தண்ணீரும்



போன பதிவில் நம் பழவேற்காட்டு டச்சுக் கல்லறையைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு பலர் பேசினீர்கள், மகிழ்ச்சி. அதில் ஒருவர், "டீச்சர், நம்ம ஊரைப் பற்றியே எழுதுறீங்க, கிரிக்கெட் பற்றி ஒண்ணு எழுதுங்க, பசங்க படிப்பாங்க" என்றார். சரி, எழுதுகிறேன். ஆனால் நான் எழுதினால் அதிலும் நம் ஊர் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேப்பாக்கம் மைதானம் உங்களுக்கெல்லாம் தெரியும். டிவியில் பார்த்திருப்பீர்கள், சிலர் டிக்கெட் வாங்கி உள்ளே போயும் இருப்பீர்கள். அந்த மைதானத்தின் முதுகை ஒட்டி ஒரு கால்வாய் ஓடுகிறது. அதன் மேல்தான் இன்று பறக்கும் ரயில் தூண்கள் நிற்கின்றன. கறுப்பாக, நாற்றத்தோடு இருக்கும் அந்தக் கால்வாயைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறோம். அது வேறு எதுவும் இல்லை, நம் ஏரியைத் தொட்டுக்கொண்டு போகிறதே, அதே பக்கிங்காம் கால்வாய்தான். ஒரு காலத்தில் நம் ஊரில் தோணி ஏறினால், ரோடே மிதிக்காமல் சேப்பாக்கம் மைதானத்தின் பின்பக்கம் போய் இறங்கலாம். எனவே சேப்பாக்கம் வரலாற்றை நான் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

இந்தக் கால்வாய் ஒரே நாளில் வெட்டியதல்ல. முதலில் 1806 வாக்கில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டினார்கள். பணம் போட்டவர் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர். அதனால் அதற்குக் காக்ரேன் கால்வாய் என்றே பெயர் இருந்தது. பிறகு அது வடக்கே பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837-ல் அரசாங்கம் தன் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டே போனது. கடைசியில் ஆந்திராவில் பெத்தகஞ்சம் முதல் தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீர்வழி ஆனது.

அதில் என்னென்ன போனது? ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துச் சவுக்கு விறகு போனது. உப்பு போனது. நம் ஏரியில் தோண்டிய கிளிஞ்சல், சுண்ணாம்புக்காகப் போனது. கருவாடு போனது. காற்று இருந்தால் பாய் கட்டுவார்கள், இல்லையென்றால் கழி ஊன்றுவார்கள், அதுவும் இல்லையென்றால் கரையில் நடந்துகொண்டே கயிறு கட்டி இழுப்பார்கள். சென்னையில் பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் தாண்டும்போது அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? படகுகள் வந்து நிற்கும் தண்ணீர்த் துறைக்குத்தான் ஆங்கிலத்தில் பேசின் என்று பெயர். பக்கத்தில் இருக்கும் சால்ட் கோட்டர்ஸ், உப்பு சேர்த்து வைத்த இடம்.

ஆனால் சென்னை நகரத்துக்குள் ஒரு துண்டு மட்டும் விடுபட்டிருந்தது. வடக்குக் கால்வாய் கூவத்தோடு நின்றுவிட்டது, தெற்குக் கால்வாய் அடையாற்றிலிருந்து தொடங்கியது. நடுவில் இருந்த சுமார் 8 கிலோமீட்டரில்தான் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் எல்லாம் இருக்கின்றன. அந்தத் துண்டு வெட்டப்பட்டது 1877-78-ல். அந்த ஆண்டுகளைக் கேட்டதும் உங்கள் பாட்டி வீட்டுப் பெரியவர்கள் "தாது வருஷப் பஞ்சம்" என்று சொல்லியிருப்பார்கள். அதேதான். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் பட்டினியால் செத்த பஞ்சம். கிராமங்களை விட்டு நடந்து வந்தவர்களுக்கு நிவாரண வேலை என்று கொடுத்ததில் ஒன்று இந்தக் கால்வாய் வெட்டும் வேலை. அப்போது ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, பஞ்ச வேலைக்கான கூலியை ஆண் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரை கிலோகூட இல்லை. நாள் முழுக்க மண் வெட்டிச் சுமப்பவனுக்கு அது எப்படிப் போதும்? அப்போதே மருத்துவ அதிகாரிகள் எதிர்த்தார்கள், பின்னால் கொஞ்சம் உயர்த்தினார்கள்.

கால்வாய்க்கு வைத்த பெயர், அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர். வெட்டியவர்கள் பெயர் ஒன்றும் நமக்குத் தெரியாது. சேப்பாக்கம் போகிறவர்கள் மைதானத்துக்குள் நுழையும் முன் அந்தக் கால்வாயை ஒரு நிமிடம் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இனி கால்வாய்க்கு இந்தக் கரை.

மைதானத்துக்கும் முன்னால் அங்கே இருந்தது ஒரு அரண்மனை. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ல் கட்டியது. நாம் எழிலகம் என்று சொல்கிறோமே, அந்த அரசு அலுவலகக் கட்டடத்துக்குப் பின்னால் சிவப்பாகத் தெரிவது அதுதான். கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என்று இரண்டு பகுதிகள். கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்று சொல்வார்கள். இவர் கம்பெனி உத்தியோகத்தில் வந்த ஆள். நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துப் பெரும் பணக்காரர் ஆனவர். நவாபின் கடன் கதை லண்டன் பாராளுமன்றம் வரை போனது. 1785-ல் எட்மண்ட் பர்க் அங்கே அதைப் பற்றியே ஒரு நீண்ட சொற்பொழிவு ஆற்றினார். கடன் கொடுத்தே ஒரு ராஜ்ஜியத்தை வாங்க முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இது. 1801-ல் கர்நாடக ராஜ்ஜிய நிர்வாகம் கம்பெனிக்குப் போனது. 1855-ல் கடைசி நவாப் வாரிசு இல்லாமல் இறந்தார். பட்டமும் போனது, அரண்மனையும் போனது. நம் ஊரில் கந்துவட்டிக்காரரிடம் படகையும் வலையையும் அடமானம் வைத்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

அரண்மனையைச் சுற்றி நிறைய வெற்றிடம் இருந்தது. அதில் ஒரு பகுதிதான் இன்றைய கிரிக்கெட் மைதானம். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-ல் தொடங்கியது. தொடங்கியவர் அலெக்சாண்டர் ஆர்பத்நாட். முதலில் தீவுத்திடல் பக்கம் ஆடினார்கள். 1865-66 வாக்கில் சேப்பாக்கத்துக்கு வந்தார்கள். கவனியுங்கள், கால்வாயின் அந்தத் துண்டு வெட்டப்படுவதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஆட்டம் தொடங்கிவிட்டது. அப்படியானால் பஞ்சத்தில் மண் சுமந்தவர்கள் சுமந்தது அந்த மைதானத்தின் ஓரத்தில்தான்.

கிளப் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். நம்மவர்கள் விளையாட வந்தாலும் பெவிலியனுக்குள் இடமில்லை, மரத்தடியில்தான் உட்கார வேண்டும், சாப்பாடும் மரத்தடியில்தான் என்று சொல்வார்கள். இதைப் பார்த்துப் பொறுக்காத ஒருவர் இருந்தார். பெயர் புச்சி பாபு நாயுடு. வசதியான குடும்பம். "உன் கிளப்பில் இடமில்லையா, நான் ஒரு கிளப் வைக்கிறேன்" என்று 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இளைஞர்களுக்கு மட்டை, பந்து, உடை எல்லாம் வாங்கிக் கொடுத்து ஆட வைத்தார். வெள்ளைக்காரர்களும் இந்தியர்களும் எதிரெதிராக ஆடும் ஒரு போட்டி வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக முயன்றுகொண்டிருந்தபோதே 1908-ல் இறந்துபோனார். ஆனால் அவர் விதைத்தது வீண் போகவில்லை. 1915-16 முதல் பிரசிடென்சி மேட்ச் என்று அந்தப் போட்டி பொங்கல் சமயத்தில் ஆண்டுதோறும் நடந்தது. 1952 வரை நடந்தது. சேப்பாக்கத்தில் "பொங்கல் டெஸ்ட்" என்ற வழக்கத்துக்கு வேர் அதுதான்.

பிள்ளைகளே, மரத்தடியில் சாப்பிட்டவன் சண்டை போடாமல், கெஞ்சாமல், தனக்கென்று ஒரு திடலை உண்டாக்கி, பிறகு அவனையே ஆட்டத்துக்கு அழைத்தான். இது நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட பாடம். இப்போது சொல்லிவிட்டேன்.

அடுத்து 1934. அந்த ஆண்டு சேப்பாக்கத்துக்கு இரட்டை விசேஷம். பிப்ரவரி 10-ம் தேதி அங்கே முதல் டெஸ்ட் போட்டி தொடங்கியது. இங்கிலாந்துக்கு ஜார்டின் கேப்டன், நமக்கு சி.கே. நாயுடு. அமர்சிங் 86 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தும் நாம் 202 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். நவம்பர் 4-ம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அங்கே நடந்தது. மெட்ராஸும் மைசூரும் மோதின. மைசூர் 48 ரன், மெட்ராஸ் 130 ரன், மைசூர் மறுபடியும் 59 ரன். ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. மெட்ராஸ் பக்கம் 11 விக்கெட் எடுத்தவர் ஏ.ஜி. ராம்சிங். அவருக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் மகன்கள் கிருபால் சிங், மில்கா சிங் இரண்டு பேரும் இந்தியாவுக்கு ஆடினார்கள்.

அந்த ரஞ்சி ஆட்டத்தில் முதல் பந்து வீசியவர் எம்.ஜே. கோபாலன். செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கம் கிராமத்துப் பிள்ளை. அவர் திறமையைக் கண்டு கைதூக்கி விட்டவர் ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். கோபாலன் கிரிக்கெட்டும் ஆடுவார், ஹாக்கியும் ஆடுவார். 1935-ல் தியான்சந்த் அணியோடு நியூசிலாந்து போய் ஹாக்கி ஆடி வந்தார். 1936-ல் அவர் முன் இரண்டு வழி. ஒன்று பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, மற்றொன்று இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்தில் அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் மனம் உடைந்து மூலையில் உட்காராமல் பல ஆண்டுகள் மெட்ராஸுக்கு ஆடினார். 90 வயது தாண்டி வாழ்ந்தார். அவர் பெயரில் மெட்ராஸுக்கும் இலங்கைக்கும் கோப்பைப் போட்டியே நடந்தது. தேர்வில் குரூப் மாறிப்போய்விட்டது, ஒரு வேலை கைநழுவிவிட்டது என்று இன்றும் எனக்குப் போன் செய்து அழும் பிள்ளைகளே, கோபாலனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1952. பிப்ரவரி 6-ம் தேதி இங்கிலாந்தோடு டெஸ்ட் தொடங்கியது. அன்றே இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்த செய்தி வந்தது. மறுநாளை ஓய்வு நாளாக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். வினு மங்கட் முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட், மொத்தம் 12 விக்கெட் எடுத்தார். பங்கஜ் ராய் 111, பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130. பிப்ரவரி 10-ம் தேதி ஒரு இன்னிங்ஸ், 8 ரன் வித்தியாசத்தில் நாம் ஜெயித்தோம். கேப்டன் விஜய் ஹசாரே. 1932-ல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய இந்தியாவுக்கு அது 25-வது டெஸ்ட், முதல் வெற்றி. சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் தொடங்கியதும் பிப்ரவரி 10, இந்தியா முதன்முதலாக ஜெயித்ததும் பிப்ரவரி 10. சரியாக 18 ஆண்டு. ஒரு காலத்தில் நம்மவர் மரத்தடியில் உட்கார்ந்த அதே மைதானத்தில், வெள்ளைக்காரர் அணியை நாம் வென்றோம். நாடு குடியரசாகி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு சில ஆண்டுகள் சேப்பாக்கத்துக்கு டெஸ்ட் இல்லை. 1956 முதல் 1965 வரை சென்னை டெஸ்டுகள் பெரியமேட்டுப் பக்கம் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தன. இன்று அதுதான் நேரு ஸ்டேடியம். மங்கட்டும் பங்கஜ் ராயும் 1956-ல் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். பலர் அதைச் சேப்பாக்கத்தில் என்று எழுதுகிறார்கள், திருத்திக்கொள்ளுங்கள். 1967 ஜனவரியில் சோபர்ஸின் வெஸ்ட் இண்டீஸ் அணியோடு டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. முதல் நாள் உணவு இடைவேளைக்குள் ஃபரூக் எஞ்சினியர் 94 ரன் எடுத்துவிட்டார். பிறகு 1970-களில் கான்கிரீட் காலரிகள் எழுந்தன. முன்பு கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்த எம்.ஏ. சிதம்பரம் பெயர் மைதானத்துக்கு வந்தது. பெயர் மாறினாலும் மக்கள் வாயில் அது சேப்பாக்கம்தான்.

1975 பொங்கல் டெஸ்ட் உங்கள் அப்பாக்களுக்கு நினைவிருக்கும். ஆண்டி ராபர்ட்ஸ் பந்தில் வரிசையாக விக்கெட் விழுந்தது. ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட். இந்தியா மொத்தமே 190. அதில் குள்ளமான விஸ்வநாத் ஒருவர் மட்டும் 97 ரன்னோடு கடைசி வரை நின்றார். சதம் இல்லை. ஆனால் அந்த 97-ஐப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அந்த டெஸ்டை நாம் 100 ரன்னில் ஜெயித்தோம். 100-க்கு 97 வாங்கிவிட்டு முகம் வாடி நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் நான் சொல்லும் கதை இது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

1983 டிசம்பரில் கவாஸ்கர் தன் 30-வது சதத்தை அங்கே அடித்து பிராட்மனின் 29-ஐத் தாண்டினார். ஆட்டமிழக்காமல் 236. 1988-ல் ஹிர்வானி என்ற பையன் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தார்.

இரண்டுக்கும் நடுவில் 1986 செப்டம்பர். அதில்தான் நம் கால்வாய் மறுபடியும் வருகிறது. ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். கொளுத்தும் வெயில், புழுக்கம். டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்தார். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். கபில்தேவ் 119 அடித்து அணியைக் காப்பாற்றினார். கடைசி நாளில் நமக்கு 348 ரன் தேவை. 347-ல் மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆட்டம் டை. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் 1960-ல் பிரிஸ்பேனில் ஒரே ஒரு முறைதான் அப்படி நடந்திருந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை நடக்கவில்லை.

அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும் ஆஸ்திரேலியக்காரர்கள் வெயிலுக்கு அடுத்தபடி சொல்வது என்ன தெரியுமா? பக்கத்துக் கால்வாயின் நாற்றம்! உலகமெங்கும் கிரிக்கெட் ரசிகர்கள் நம் பக்கிங்காம் கால்வாயைத் தெரிந்துகொண்டது இப்படித்தான். எனக்கு இதில் ஒரு வருத்தம். தோணி போன தண்ணீர் எப்படிச் சாக்கடை ஆனது? முதலில் ரயிலும் லாரியும் வந்து சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1960-களில் வந்த புயல்கள் கரைகளை உடைத்தன, மணல் தூர்த்தது. படகு போவது நின்றதும் கால்வாயைக் கவனிப்பார் இல்லை. நகரம் தன் கழிவை எல்லாம் அதில் விட்டது. பிறகு பறக்கும் ரயிலின் தூண்களை அதற்குள்ளேயே இறக்கினார்கள். 1995-ல் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து சேப்பாக்கம் வரை ரயில் ஓடத் தொடங்கியது, 1997-ல் மயிலாப்பூர் வரை நீண்டது. ஒரு நீர்வழியின் தலைமேல் ஒரு ரயில்வழி. ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானே அதில்தான் போகிறேன். ஆனால் பயன்பாடு நின்ற தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் குப்பைத்தொட்டி ஆகிவிடுகிறது என்பதை ஏரிக்கரையில் வாழும் நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். முகத்துவாரம் தூர்ந்துபோகிறது என்று நம் ஆட்கள் ஆண்டுதோறும் கத்துகிறார்களே, அது வெறும் புலம்பல் இல்லை.

இப்போது 1999. என்னைக் கேட்டால் சேப்பாக்கத்தின் மிகப் பெரிய நாள் நாம் தோற்ற அந்த ஜனவரி 31-தான். பாகிஸ்தானோடு டெஸ்ட். நமக்கு 271 தேவை. முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 அடித்தார். அவர் போனபின் மளமளவென்று விக்கெட் விழுந்து 12 ரன்னில் தோற்றோம். மைதானம் ஒரு நிமிடம் உறைந்துபோனது. பிறகு என்ன நடந்தது? கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன், 1997-ல் சயீத் அன்வர் நமக்கு எதிராக 194 அடித்ததும் இதே மைதானத்தில்தான், அன்றும் கைதட்டினார்கள். தோல்வியில் கைதட்டத் தெரிந்த கூட்டம் என்று சேப்பாக்கத்துக்குப் பெயர். ஜெயித்தால் பட்டாசு வெடிப்பது யாராலும் முடியும். தோற்ற அன்று எழுந்து நிற்பதற்குத்தான் மனம் பெரிதாக இருக்க வேண்டும். குப்பத்துக்குக் குப்பம் கடலில் மீன் பாட்டுக்காக மல்லுக்கட்டிய கதைகள் நம்மிடமும் உண்டு. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2008 நவம்பரில் மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. இங்கிலாந்து அணி ஊர் திரும்பிவிட்டது. ஆனால் மறுபடியும் வந்தார்கள், டிசம்பரில் சேப்பாக்கத்தில் ஆடினார்கள். கடைசி நாளில் 387 ரன்னை விரட்டி ஜெயித்தோம், டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 103. அந்த வெற்றியை அவர் மும்பை மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

என் மாணவிகளுக்கு ஒரு செய்தி. 2024 ஜூன் கடைசியில் அதே மைதானத்தில் இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவோடு டெஸ்ட் ஆடியது. ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149. முதல் விக்கெட்டுக்கு இருவரும் 292 ரன் சேர்த்தார்கள். இந்தியா 6 விக்கெட்டுக்கு 603. ஸ்நேஹ் ராணா ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட் எடுத்தார். "பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு மட்டை" என்று கேட்ட மாமாக்கள் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

சரி, சேப்பாக்கம் போனால் சுற்றி என்ன பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பொன்னேரியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குங்கள். எதிரே பார்க் டவுன் ஸ்டேஷனில் பறக்கும் ரயில். அடுத்தது சிந்தாதிரிப்பேட்டை, அதற்கடுத்தது சேப்பாக்கம். இறங்கியதும் ஒரு பக்கம் மைதானம், காலுக்குக் கீழே கால்வாய்.

வாலாஜா சாலையில் கடற்கரை நோக்கி நடந்தால் வலதுகைப் பக்கம் நவாப் அரண்மனை. 2012-ல் தீவிபத்தில் கலஸ் மஹால் மிகவும் சேதமானது, பிறகு பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்து வைத்தே சீர்செய்தார்கள். அதற்கு அடுத்து சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ், 1879-ல் முடிந்தது. கொஞ்சம் தள்ளி பிரசிடென்சி கல்லூரி, 1870-ல் திறந்த கட்டடம். இரண்டையும் வரைந்தவர் சிஸ்ஹோம். சர் சி.வி. ராமனும் சந்திரசேகரும் படித்த கல்லூரி அது. ஒரே குடும்பத்தில் இரண்டு நோபல் பரிசு! அதற்கு எதிரே மணலில் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் வைத்தது. நான்கு பேர் பாறையை நெம்புவார்கள். படகைக் கரையேற்றும்போது நம் ஆட்கள் உடம்பு வளைகிற மாதிரியே இருக்கும், உற்றுப் பாருங்கள்.

அப்படியே தெற்கே நடந்தால் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டியது. இன்று நாம் மீனுக்கு ஐஸ் பெட்டி வாங்குகிறோமே, அன்று ஐஸ் கடல் கடந்து வந்தது வெள்ளைக்காரர் குடிக்கும் பானத்துக்கு! 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார், அதனால் இப்போது விவேகானந்தர் இல்லம். உள்ளே திரும்பினால் திருவல்லிக்கேணி. மீசை வைத்த பார்த்தசாரதிப் பெருமாள், பல்லவர் காலத்துக் கோயில். பக்கத்திலேயே பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு. மறுபக்கம் 1795-ல் நவாப் குடும்பம் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல். கோயிலும் பள்ளிவாசலும் நடந்துபோகும் தூரத்தில். நம் பழவேற்காட்டிலும் அப்படித்தானே, கோயில் மணியும் பாங்கும் மாதா கோயில் மணியும் ஒரே காற்றில் வரும்.

இன்னொன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். மெரினா என்றால் மணல், சுண்டல், சமாதி மட்டும் இல்லை. அயோத்தியாகுப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம் என்று நம் சொந்தங்கள் வாழும் குப்பங்கள் அங்கே உண்டு. 1884-ல் கிராண்ட் டஃப் கவர்னர் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைப்பதற்கு முன்பே அந்தக் கடற்கரை மீனவர்களுடையது. 1985-ல் கடற்கரையை அழகுபடுத்த வேண்டும் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனபோது மோதல் வந்து, துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். மைதானத்தின் ஆரவாரம் கேட்கும் தூரத்தில் நடந்தது இது. அழகு என்பது யாருக்கு அழகு என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நம் ஏரிக்கரையில் சுற்றுலா, துறைமுகம் என்று பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள்.

மைதானத்தின் கதையை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நவாபின் தோட்டம் வெள்ளைக்காரர் கிளப் ஆனது. அந்தக் கிளப்புக்கு எதிரே புச்சி பாபு ஒரு திடல் போட்டார். அதன் பிறகு கிராமத்துக் கோபாலன் உள்ளே வந்தார், நாடு ஜெயித்தது, பெண்களும் ஆடினார்கள். ஒவ்வொரு கதவும் யாரோ ஒருவர் தட்டித்தான் திறந்திருக்கிறது. 2011 உலகக் கோப்பைக்காகப் புதிதாகக் கட்டிய மூன்று காலரிகள்கூட அனுமதிச் சிக்கலில் பல ஆண்டு பூட்டிக் கிடந்துதான் திறந்தன! நம் கடற்கரை மணலில் தென்னை மட்டையை வைத்து ஆடும் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் உண்டு. "அது பெரிய ஆளுங்க இடம்" என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அந்த மைதானத்தின் ஓரத்துத் தண்ணீர் நம்முடையது.

கடைசியாக வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் இந்தப் பழக்கம் போகவில்லை. உங்கள் வீட்டில் 75, 80 வயது தாண்டிய தாத்தா பாட்டி இருந்தால், கால்வாயில் தோணி போனது அவர்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். என்ன ஏற்றினார்கள், எங்கே இறக்கினார்கள், எத்தனை நாள் ஆனது, ராத்திரி எங்கே தங்கினார்கள், என்ன பாட்டுப் பாடி இழுத்தார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக் கீழே போடுங்கள், எழுத்துப்பிழையை நான் திருத்திக்கொள்கிறேன். சேப்பாக்கத்தில் வீசிய ஒவ்வொரு பந்துக்கும் கணக்குப் புத்தகம் இருக்கிறது. அந்தக் கால்வாயில் போன நம் தோணிகளுக்கு இல்லை. அந்தக் கணக்கு நம் பெரியவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் இன்னும் கொஞ்ச காலம்தான். நாளைக்கே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்